மூன்றாவது வரிசைப் பிள்ளைக்கு எந்த ஓபரா?

கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் அடுத்த கல்வியாண்டில் பிள்ளைகளை வைத்து ஓர் ஓபரா போடுவது என்று முடிவாகிவிட்டது. எதைப் போடுவது, யார் எழுதுவது என்பது மட்டும் முடிவாகவில்லை. அதை ஆராய ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. சிறுவயதில் ஆறு வருடம் பாட்டு வகுப்புக்குப் போனேன் என்று பள்ளி வாசலில் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். அதனால் நானும் அதில் ஒருவன்.

கூட்டத்துக்கு முன்பு படித்ததையும் விசாரித்ததையும் எழுதி வைக்கிறேன். பள்ளிக் குழுக்களில் இப்படி மாட்டிக்கொள்ளும் தமிழ்ப் பெற்றோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.

ஓபரா என்பது பாட்டே கதையை நகர்த்திக்கொண்டு போகும் நாடகம். நம் தாத்தாக்கள் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட இசை நாடகத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். சிறுவர்களை வைத்து அப்படி நடத்துவதும் நமக்குப் புதிதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது அவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பாய்ஸ் கம்பெனி என்று ஊர் அழைத்த அந்த வகைச் சபைகளில் பயிற்சி கடுமை, கட்டுப்பாடு அதைவிடக் கடுமை. வாத்தியார் எழுதினார், பிள்ளைகள் பாடி நடித்தார்கள். அதில் பெரிய கலைஞர்கள் பிறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் எங்கள் பள்ளி பெரிய கலைஞர்களை உருவாக்கப் போவதில்லை. இது வேறு கணக்கு.

அந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய மனவருத்தம். முன்பு இருந்த ஊரில், வேறொரு பள்ளியில், ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். ஆறு பிள்ளைகளுக்கு வேடம். மற்ற எல்லோரையும் மூன்று வரிசையாகப் பலகையின் மேல் நிறுத்தினார்கள். என் மகள் மூன்றாவது வரிசை. அவளுக்கு அப்போது சுருதி நிற்காது. ஒத்திகையில் ஓர் ஆசிரியை குனிந்து, அன்பாகத்தான், "நீ வாயை மட்டும் அசைத்தால் போதும்" என்றிருக்கிறார். விழாவன்று அவளும் அப்படியே அசைத்தாள். நான் முன்னால் உட்கார்ந்து அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். குளிக்கும்போது அவள் பாடுவது நின்றுபோய் இரண்டு மாதம் ஆன பிறகு, ஏன் என்று கேட்டபோதுதான் சொன்னாள்.

ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் கேட்பது, மூன்றாவது வரிசைப் பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்பதுதான்.

எங்கள் கையிருப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது முதல் பதினொரு வயது வரையுள்ள இரண்டு வகுப்புப் பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் ஓர் இசை ஆசிரியை. மதியம் சாப்பாட்டுக் கூடமாகவும் மழை நாளில் விளையாட்டுக் கூடமாகவும் இருக்கும் ஒரு மண்டபம். இரண்டு பருவம் நேரம். கொஞ்சம் பணம், கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான்.

குழுவில் ஒருவர் சொன்ன முதல் யோசனையைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். பெரிய ஓபரா அரங்குகளின் சிறுவர் கோரஸுக்கு நம் பிள்ளைகளை அனுப்புவது. 'கார்மென்' முதல் அங்கத்தில் காவல் மாறும் சிப்பாய்களைக் கேலி செய்துகொண்டு பின்னாலேயே அணிவகுக்கும் தெருப் பிள்ளைகள், 'லா போயெம்' இரண்டாம் அங்கத்தில் பொம்மை விற்பவனைச் சூழ்ந்துகொள்ளும் கூட்டம், 'டோஸ்கா'வில் தேவாலயத்துப் பாட்டுச் சிறுவர்கள் என்று சிறுவர்களுக்கு நல்ல நிமிடங்கள் அங்கே உண்டு. உயர்ந்த இசையை மேடைக்கு நடுவில் நின்று கேட்பது எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பாடம். ஆனால் அது குரல் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் இடம். இங்கிலாந்தில் அதற்கு உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும், பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பாதுகாவலர் வேண்டும். பள்ளியே தன் பிள்ளைகளை வைத்து நடத்தும் நாடகத்துக்கு இந்த உரிமம் தேவையில்லை. மூன்றாவது வரிசைப் பிள்ளையை அந்தக் குரல் தேர்வே வீட்டுக்கு அனுப்பிவிடும். வீட்டில் ஒரு பிள்ளை நன்றாகப் பாடுகிறது என்றால் அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு பள்ளிக்கு அது பதிலாகாது.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். ஏற்கெனவே எழுதப்பட்ட சிறுவர் ஓபராவைப் போடுவது ஒரு வழி. ஓர் இசையமைப்பாளரை அமர்த்திப் புதிதாக எழுத வைப்பது இன்னொரு வழி. பிள்ளைகளையே எழுத வைப்பது மூன்றாவது.

எழுதப்பட்டவற்றில் சஃபோக்கில் இருந்துகொண்டு இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனைத் தாண்டிப் போக முடியாது. பிரிட்டன் இங்கே நாட்டின் பெயரல்ல, ஆளின் பெயர். 1913இல் இந்த மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவர். 1948இல் ஆல்ட்பரோ இசை விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டே அங்கே ஜூபிலி மண்டபத்தில் 'லெட்ஸ் மேக் அன் ஓபரா' அரங்கேறியது. முதல் பாதியில் சில பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஓர் ஓபராவை உருவாக்க முயல்கிறார்கள். இரண்டாம் பாதியில் அந்த ஓபராவே மேடையேறுகிறது. அதன் பெயர் 'தி லிட்டில் ஸ்வீப்'. புகைபோக்கிக்குள் ஏறிச் சுத்தம் செய்ய விற்கப்பட்ட எட்டு வயதுச் சாம் என்ற பையனை ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒளித்து வைத்துக் காப்பாற்றும் கதை. கதை நடப்பது 1810இல், இதே சஃபோக்கில்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பார்வையாளர்களுக்கும் நான்கு பாட்டு இருப்பது. திரை விலகுமுன் இசை நடத்துபவர் நம் பக்கம் திரும்பி நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார். முதல் பாட்டு ஐந்து எண்ணிக்கைத் தாளம்; பக்கத்து இருக்கை வெள்ளைக்காரப் பெற்றோர் தடுமாறும்போது கண்ட சாபு கேட்டு வளர்ந்தவர் கொஞ்சம் மெத்தனமாக உட்கார்ந்திருக்கலாம். இரவுப் பாட்டில் கூடத்தையே நான்காகப் பிரித்து ஆந்தை, நாரை, காட்டுப்புறா, இன்னொரு சிறு குருவி என்று ஆளுக்கொரு பறவையின் கூவலைக் கொடுத்துவிடுகிறார்கள். சுருதி நிற்காதவர் ஆந்தைக் கூட்டத்தில் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். ஆனால் மேடைக்குப் போனால் கதை மாறுகிறது. சாமும் வீட்டுப் பிள்ளைகளுமாக மொத்தம் ஏழு சிறுவர் வேடங்கள்தான். இரண்டு வகுப்புக்கு ஏழு வேடம். மீதிப் பேர் எங்கே போவார்கள்? திரும்பவும் பலகை, திரும்பவும் வரிசை.

இந்தக் குறையைப் பிரிட்டனே தீர்த்து வைத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. 1958 ஜூன் 18 அன்று ஆர்ஃபோர்ட் தேவாலயத்தில் 'நோயஸ் ஃப்ளட்' அரங்கேறியது. நோய் என்று படித்துவிட வேண்டாம். பெருவெள்ளத்தில் கப்பல் கட்டி உயிர்களைக் காத்த விவிலியத்து நோவாவை அந்தக் கால ஆங்கிலத்தில் அப்படி எழுதினார்கள். செஸ்டர் நகரத்துக் கைவினைச் சங்கங்கள் இடைக்காலத்தில் தெருவில் நடித்துவந்த விவிலிய நாடகங்களில் ஒன்று அதன் மூலம். ஆற்றிலிருந்து தண்ணீர் இறைத்துச் சுமந்து பிழைத்தவர்களின் சங்கத்துக்குத்தான் அந்த ஊரில் வெள்ளக் கதையை ஒதுக்கியிருந்தார்கள். யார் யோசித்தாரோ, நகைச்சுவை தெரிந்தவர்.

இதில் தேர்ந்த பெரியவர்கள் மூன்றே பேர். நோவா, அவருடைய மனைவி, பாடாமல் பேசும் கடவுளின் குரல். மற்றதெல்லாம் பிள்ளைகள். கப்பலில் ஏறும் மிருகங்கள் கூட்டம் கூட்டமாகக் கோயில் வாசலிலிருந்து 'கீரியே எலெய்சன்' (ஆண்டவரே, இரங்கும்) என்று பாடியபடி பார்வையாளர்களுக்கு நடுவே வருகின்றன. எத்தனை பிள்ளை இருந்தாலும் அத்தனை மிருகம். குரல் உடைந்த பையன்களுக்குப் பெரிய மிருகங்கள், பொடிசுகளுக்குச் சிறியவை. ஏற மறுத்து, தோழிகளோடு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நோவாவின் மனைவியைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய்க் கப்பலில் போடுவதும், அவள் கணவனை ஓர் அறை விடுவதும் பத்து வயதுக்காரர்களுக்கென்றே அமைந்த இடங்கள்.

வாத்தியக் குழுவில்தான் அந்த மனிதரின் அக்கறை தெரிகிறது. சிறுவர் வயலின்களை மூன்று பிரிவாக எழுதியிருக்கிறார். முதல் பிரிவுக்குக் கொஞ்சம் கை பழகியிருக்க வேண்டும். இரண்டாவதற்குத் தொடக்கப் பயிற்சி போதும். மூன்றாவது பிரிவு பெரும்பாலும் விரலே வைக்காத திறந்த தந்தி. அதாவது சென்ற மாதம் வயலின் வாங்கிய பிள்ளைக்கும் இடம் உண்டு. அவள் இழுக்கும் அந்த ஒரு தந்தி இல்லாவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு அடித்தளம் இல்லை. குழல் ஊதுபவர்கள், பியூகிள் ஊதும் பையன்கள், கைமணி ஆட்டுபவர்கள் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. புயல் தொடங்கும்போது முதல் மழைத்துளிகள் விழ வேண்டும். அதற்குப் பிரிட்டன் கேட்டது, கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்ட தேநீர்க் குவளைகளும் தட்டுவதற்கு ஒரு மரக் கரண்டியும். ஏறக்குறைய ஜலதரங்கம், தண்ணீர் மட்டும் இல்லை. வீட்டில் நான்கு குவளைகளைத் துடைப்பக் கட்டையில் கட்டித் தட்டிப் பார்த்தேன். தடிமனான குவளை 'டொக்' என்று செத்துப்போகிறது. விளிம்பு மெலிந்த பீங்கான்தான் துளி விழுவதுபோல் ஒலிக்கிறது. மனைவியின் சீர்வரிசைக் குவளை அது. சோதனை அத்தோடு நின்றது.

மூன்றாவது வரிசைப் பிள்ளையைப் பற்றி முன்கூட்டியே யோசித்து எழுதிய ஒரு மேதையின் வேலை இது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆர்கன் வாத்தியக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஓட்டு இதற்குத்தான். "பிள்ளைகள் எழுதிய சுமாரான மெட்டில் கதாநாயகனாக நிற்பதைவிட, மேதை எழுதியதில் ஒரு குவளையைத் தட்டுவது மேல்" என்கிறார். இதற்கு என்னிடம் சட்டென்று சொல்லப் பதில் இல்லை.

நடைமுறைச் சிக்கல்கள் இருக்கின்றன. தியேட்டரில் அல்லாமல் தேவாலயத்திலோ பெரிய மண்டபத்திலோ செய்ய வேண்டும் என்பது பிரிட்டனின் விருப்பம். பார்வையாளர்களும் எழுந்து பாடும் மூன்று கீர்த்தனைகளுக்கு ஆர்கனும் அந்த இடத்தின் எதிரொலியும் வேண்டும். நோவாவின் பிள்ளைகளாகப் பாடுகிறவர்கள் பத்து வயதைத் தாண்டிய, பயிற்சி பெற்ற குரல்களாக இருக்க வேண்டும். தேர்ந்த தந்தி வாத்தியக்காரர்கள் ஐவர், பியானோவில் இருவர், பெரிய முரசுகள் என்று கூலிக்கு வர வேண்டியவர்களின் பட்டியலும் நீளம். பிரிட்டன் இறந்தது 1976 டிசம்பரில். எழுதியவர் இறந்து எழுபது ஆண்டு வரை பதிப்புரிமை என்ற கணக்குப்படி 2046 முடியும்வரை உரிமைத்தொகை உண்டு, இசைப் பிரதிகளையும் வாடகைக்குத்தான் வாங்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஓரளவு வழிபாடு. எங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இந்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெள்ளக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் வீடுகளில் முதலிலேயே கேட்டுவிடுவது மரியாதை.

எழுதப்பட்டவற்றில் அடிக்கடி முன்மொழியப்படும் இன்னொன்று 'புரூண்டிபார்'. செக் இசையமைப்பாளர் ஹான்ஸ் கிராசா 1938இல் எழுதியது. நோயாளித் தாய்க்குப் பால் வாங்கக் காசில்லாத அண்ணனும் தங்கையும் தெருவில் பாட வருகிறார்கள்; புரூண்டிபார் என்ற தெரு வாத்தியக்காரன் விரட்டுகிறான்; குருவியும் பூனையும் நாயும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து அவனை வெல்கிறார்கள். எளிய மெட்டு, குறைந்த நேரம், பெரிய கோரஸ். பள்ளிக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அது புகழ் பெற்ற இடம் தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாம். 1943 செப்டம்பர் தொடங்கி 55 முறை அங்கே சிறைப்பட்ட யூதப் பிள்ளைகள் அதை நடித்தார்கள். பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு பிள்ளைகள் வருவார்கள். 1944இல் செஞ்சிலுவைக் குழு பார்வையிட வந்தபோது எல்லாம் நலம் என்று காட்ட அதையே காட்டினார்கள். அந்த அக்டோபரில் கிராசா ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பூனையாக நடித்த எலா வைஸ்பெர்கர் என்ற சிறுமி தப்பிப் பிழைத்தார்; முதுமையில் நாடு நாடாகப் போய், அதை மேடையேற்றிய பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார்.

கதையை மட்டும் போட்டுவிட்டு இந்தச் செய்தியை அறிவிப்புத் தாளில் இரண்டு வரியாக அச்சடித்துக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. வரலாற்று ஆசிரியர் கூடவே நடக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஒன்பது வயதுக்கு வேண்டாம். உரிமை விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கிராசா இறந்து எழுபது ஆண்டு கடந்துவிட்டதால் இலவசம் என்று சிலர் நினைக்கிறார்கள். வரிகள் எழுதிய அடால்ஃப் ஹோஃப்மைஸ்டர் இறந்தது 1973இல்; அவர் கணக்கில் எழுபது ஆண்டு இன்னும் முடியவில்லை.

காசே கேட்காத பழைய ஓபராவும் உண்டு. ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் 'டைடோ அண்ட் ஈனியஸ்' 1689 வாக்கில் லண்டன் செல்சியில் ஒரு நடன ஆசிரியர் நடத்திய பெண்கள் பள்ளியில்தான் நடிக்கப்பட்டது. ஒரு மணி நேரம். காதலன் கைவிட, அரசி பாடிக்கொண்டே சாகிறாள். பதினாறு வயதுக்கு அருமை, எங்களுக்கு ஆகாது.

புதிதாக எழுத வைப்பது பற்றி இப்போது. இந்த வழியில் இங்கிலாந்தில் முன்னே நடந்தவர்கள் கிளைண்ட்போர்ன் ஓபராக்காரர்கள். கோடையில் கோட்டும் கவுனும் போட்டுக்கொண்டு புல்வெளியில் கூடை பிரித்துச் சாப்பிடும் பணக்காரக் கூட்டம் என்று பெயர் எடுத்த இடம். அதே நிறுவனம்தான் ஊர் மக்களையும் பிள்ளைகளையும் சேர்த்து 1990இல் 'ஹேஸ்டிங்ஸ் ஸ்பிரிங்' என்ற ஓபராவை உருவாக்கியது. இசை ஜோனத்தன் டோவ். பிறகு ஆஷ்ஃபோர்டில் ஒன்று, பீட்டர்பரோவில் ஒன்று. 1997இல் 'மிஸ்பர்' கிளைண்ட்போர்னின் பெரிய மேடையிலேயே ஏறியது. 2010இல் 'நைட் க்ரூ': ஆர்தர் மன்னனின் கதையை இக்காலத்து இளைஞர் கும்பலுக்குள் கொண்டுவந்தார்கள், முன்பு ஓபராவே பார்க்காத பையன்களும் பெண்களும் கோரஸில் பாடினார்கள். டோவ் 2015இல் எழுதிய 'தி மான்ஸ்டர் இன் த மேஸ்' பெர்லின், லண்டன், பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரங்களில் அந்தந்த மொழியில் பாடப்பட்டது. சிறுவர், இளையோர், பெரியவர் என்று தனித்தனிக் கோரஸ்கள். மேல்நிலை வாத்தியக் குழு. இசை நடத்தியவர் சைமன் ராட்டில்.

இவற்றின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடப்போகும் பிள்ளைகளின் குரல் எட்டும் எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்குள் எழுதுவார்கள். தையல்காரர் அளவெடுத்துத் தைப்பதுபோல. சிக்கல் பணமும் அமைப்பும். பின்னால் ஓர் ஓபரா நிறுவனம் இல்லாமல் ஒரு தொடக்கப் பள்ளி இதைச் செய்ய முடியாது. உங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு நிறுவனம் கதவைத் தட்டினால் திறந்துவிடுங்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் திறங்கள். எழுத்தாளர் பிள்ளைகளைச் சந்திப்பது வரிகள் எழுதுமுன்பா, எழுதிய பின்பா? பின்பு என்றால் 'பிள்ளைகளோடு சேர்ந்து உருவாக்கியது' என்று சுவரொட்டியில் அச்சடிப்பதற்கு அர்த்தம் குறைவு. பட்டறையில் பிள்ளைகள் சொன்ன நாலு வார்த்தையைப் பொறுக்கி நடுவில் செருகி, இது அவர்களுடையது என்று சொல்வது இந்தத் துறையில் சகஜம்.

அப்படி இல்லாமல் பிள்ளைகளின் பேச்சை நேர்மையாகக் கேட்டதற்கு முன்னுதாரணம் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. நாடகாசிரியர் பிரெஹ்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் பள்ளிகளுக்கென்று 1930இல் 'டெர் யாசாகர்' (சரி என்பவன்) எழுதினார்கள். தாயின் நோய்க்கு மருந்து வாங்க மலைப்பயணம் போகும் கூட்டத்தில் ஒரு பையன் நோயில் விழுகிறான். வழக்கப்படி அவனைப் பள்ளத்தில் எறிந்துவிட்டுப் போக வேண்டும். அவனும் சரி என்கிறான். பெர்லின் நொய்கோல்ன் பகுதியில் ஒரு பள்ளி மாணவர்கள் இதைப் படித்துவிட்டு எதிர்க்கேள்வி கேட்டார்கள். அவன் ஏன் சரி என்று சொல்ல வேண்டும்? பிரெஹ்ட் நாடகத்தைத் திருத்தினார். அதோடு, பையன் முடியாது என்று சொல்லித் திரும்பும் 'டெர் நைன்சாகர்' (முடியாது என்பவன்) என்ற இன்னொரு நாடகத்தையும் எழுதினார். அந்த இரண்டாவதற்கு வைல் இசை போடவில்லை. பிள்ளைகள் ஒரு சுரம்கூட எழுதாமல் நாடகத்தின் முடிவையே மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவது வழிக்கு வந்துவிட்டேன். பிள்ளைகளே எழுதி, இசை போட்டு, நடிப்பது.

இது வெறும் ஆசைப் பேச்சு இல்லை. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் 1980களிலேயே ஆசிரியர்களுக்கு இதற்கான பயிற்சி தரத் தொடங்கியது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா கில்டு அதே வழியைத் தன் நாட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. ஸ்பெயினில் இதன் வாரிசான 'லோவா' திட்டத்தில் ஒரு வகுப்பு ஒரு கல்வியாண்டு முழுக்க ஓர் ஓபரா நிறுவனமாக மாறிவிடுகிறது. முதலில் நிறுவனத்துக்குப் பெயர் வைக்கிறார்கள், சின்னம் வரைகிறார்கள். பிறகு வேலைகள்: வரி எழுதுபவர், இசையமைப்பவர், நடிகர், மேடை அமைப்பவர், தச்சர், விளக்குக்காரர், உடை தைப்பவர், ஒப்பனைக்காரர், விளம்பரம் பார்ப்பவர், மேடை மேலாளர். எந்த வேலை வேண்டும், ஏன் தனக்கு அது பொருந்தும் என்று ஒவ்வொரு பிள்ளையும் விண்ணப்பம் எழுத வேண்டும். கதை அவர்கள் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். கடைசியில் மேடையில் நிற்பது அரை மணி நேரம்தான்.

மூன்றாவது வரிசை என்ற ஒன்றே இங்கே இல்லை. விளக்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை விசையைத் தட்டாவிட்டால் நாடகம் நடக்காது.

பலவீனங்களை மறைக்க விரும்பவில்லை. முதல் மாதத்தில் வரும் கதைகளில் பேயும் கால்பந்தும்தான் இருக்கும். ஒரு வார்த்தைக்காக இரண்டு நாள் சண்டை நடக்கும். மெட்டுகள் ஐந்தாறு சுரங்களுக்குள்ளேயே சுற்றும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, இருபத்தைந்தாம் நாள் பொறுமை இழந்து ஆசிரியரே உட்கார்ந்து 'சரிசெய்து' விடுவது. அதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு அது அவர்களுடையதாக இருக்காது. பெற்றோர் அல்லாத ஒருவர் டிக்கெட் வாங்கி வந்தால் அவருக்கு அந்த அரை மணி நேரம் நீளமாகத் தோன்றக்கூடும். சட்டப்படி ஒன்று: பிள்ளைகள் எழுதியதன் பதிப்புரிமை பிள்ளைகளுக்கே. ஒளிப்பதிவு செய்து வெளியிடுவதற்கு முன் பள்ளி அவர்கள் வீட்டில் அனுமதி கேட்க வேண்டும், பிரிட்டனின் உரிமைதாரர்களிடம் கேட்பதுபோலவே.

மெட்டு எங்கிருந்து வரும் என்பதுதான் குழுவில் எல்லோருடைய சந்தேகமும். என்னுடையதும்தான். ஒரு சனிக்கிழமை வீட்டில் பரிசோதித்தேன். மகளிடம், யாராவது உன்மேல் கோபப்பட்ட ஒரு வாக்கியத்தைச் சொல் என்றேன். யோசிக்கவே இல்லை. "சாவி எங்கே வைத்தாய்?" அவள் அம்மாவின் வாக்கியம், என்னைப் பார்த்துச் சொல்வது. அதை நான்கு முறை அதே கோபத்தோடு சொல்லச் சொன்னேன். 'எங்கே' வரும்போது குரல் மேலே தாவுகிறது, 'வைத்தாய்' படியிறங்குகிறது. கீபோர்டில் தேடினோம். ஸ ஸ, ப ம, க ஸ. ஆறு அசைக்கு ஆறு சுரம். அவள் தலையை ஆட்டினாள். "ம வேண்டாம் அப்பா. அது கெஞ்சுகிறது. அம்மா கெஞ்ச மாட்டாள்." ம-வை எடுத்துவிட்டு ப-விலேயே இரண்டு முறை நின்று இறங்கினோம். ஸ ஸ, ப ப, க ஸ. சமையலறையிலிருந்து நிஜமான குரல், "அங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டது. அதையும் சேர்த்துக்கொண்டோம். சந்தம் பேச்சிலேயே இருக்கிறது என்று பாட்டு வாத்தியார் சொன்னபோது எனக்குப் புரிந்ததில்லை. சுருதி நிற்காத பிள்ளை என்று எழுதி ஒதுக்கப்பட்டவள் எந்தச் சுரம் கெஞ்சும், எந்தச் சுரம் கெஞ்சாது என்று சொல்கிறாள்.

ஆகவே கூட்டத்தில் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. சில நிபந்தனைகளோடு. முதல் பருவம் முழுக்கக் கதைக்கும் வரிகளுக்கும். இரண்டாவது பருவம் இசைக்கும் மேடைக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. கையிலிருக்கும் பணத்தில் ஓர் இசையமைப்பாளரை ஆறு நாள் மட்டும் கூலிக்கு அழைப்பது. பிள்ளைகள் போட்ட மெட்டை எழுதி, பியானோவில் அதற்குத் துணை சேர்ப்பதுதான் அவர் வேலை. மெட்டில் கைவைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். 'லிட்டில் ஸ்வீப்' செய்ததுபோலப் பெற்றோர் பாட ஒரு பாட்டு. எங்களையும் கொஞ்சம் தடுமாற விடட்டும்.

ஆர்கன்காரரின் வாதத்தை நான் தள்ளவில்லை, தள்ளிப்போடுகிறேன். நல்ல எதிரொலியுள்ள தேவாலயம் பக்கத்தில் இருந்து, வெவ்வேறு நிலையில் வயலின் பழகும் பிள்ளைகள் இருந்து, மேல்நிலைப் பள்ளியும் கைகொடுக்கும் ஊராக இருந்தால் அவர் பக்கம்தான் சரி. இரண்டு மனமில்லாமல் 'நோயஸ் ஃப்ளட்' போடுங்கள். எங்களுக்கு அது அடுத்த சுற்று. சொந்தமாக ஒரு புயலைக் கட்டிப் பார்த்துத் தோற்ற பிள்ளைகளுக்குப் பிரிட்டன் அதைக் குவளையில் எப்படிக் கட்டினார் என்பது அப்போது இன்னும் நன்றாகக் கேட்கும். அவரிடம் இதைச் சொன்னேன். குவளைகளை மட்டும் இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளலாம், அதற்கு உரிமைத்தொகை கிடையாது என்றார்.

தலைமை ஆசிரியைக்கு இன்னும் தயக்கம். நன்றாக வராவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. அதற்குள் விஷயம் வகுப்புக்குள் கசிந்துவிட்டது. விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று மகள் என்னைக் கேட்கவில்லை. நேற்று இரவு எழுதி முடித்துப் பைக்குள் வைத்திருந்ததைப் பார்த்தேன். முதல் விருப்பம் விளக்கு. காரணம் என்ற இடத்தில், 'இருட்டில் எனக்குப் பயமில்லை' என்று எழுதியிருந்தாள். இரண்டாவது விருப்பம் என்ற இடத்தில் 'பாடகர்' என்று எழுதி, அடித்து, திரும்பவும் எழுதியிருந்தாள்.